ஏரிக்கு வந்த பணம் யார் கணக்கில் இருக்கிறது?

ஆடி பிறந்தால் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம், சாப்பாடு போட்டு மொய்ப் பணம் வாங்கும் மொய் விருந்துப் பந்தல்கள் முளைத்துவிடும். வாசல் மேசையில் ஒருவர் பணத்தை எண்ணுவார். இன்னொருவர் ஊர், தகப்பனார் பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். பல வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும்போதும் அந்த நோட்டுதான் சாட்சி. ஆடிட்டராகப் பல அறக்கட்டளைக் கணக்குகளைப் பார்த்துவிட்டேன். மொய் நோட்டு அளவுக்குச் சுத்தமானவை குறைவு.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, இந்தக் கடைமடைப் பகுதியில் மக்களே பணம் போட்டு ஏரி குளங்களைத் தூர்வாரினார்கள். பேராவூரணியில் தொடங்கிய கைஃபா அமைப்பைப் பலர் அறிவார்கள். பணம் சேர்க்க ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

ஓர் ஊரில் குளம் வெட்ட வந்த பணமெல்லாம் ஓர் இளைஞரின் கூகுள் பே எண்ணுக்குப் போனது. அதே வங்கிக் கணக்கில்தான் அவருடைய டிராக்டர் தவணையும் மாதாமாதம் பிடித்தமாகும். ஐந்தாம் தேதி குளத்துப் பணத்திலிருந்து தவணை பிடித்தமாகிவிட்டது. அவர் கைப்பணத்தைப் போட்டு டீசல் அடித்து வேலையை நிறுத்தாமல் ஓட்டினார். ஆனால், ஸ்டேட்மென்டைப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது தவணை மட்டும்தான். "சார், டீசல் பில்லைக்கூட எடுத்து வைக்கலையே" என்று அந்த இளைஞர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். ஒரு ரூபாய்கூட அவர் எடுக்கவில்லை. ஆனாலும் ஊரின் சந்தேகத்தால் ஜேசிபி பாதிக் குளத்தில் நின்றது.

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிடலாம். சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து போட்டால்தான் பணம் வெளியே போகும் என்ற ஏற்பாடு, இவை போதும். நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் 80ஜி வரிச்சலுகைக்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கு அவசரப்பட வேண்டாம். அது கிடைத்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

சிங்கப்பூரிலிருந்து நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணத்தில்தான் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தவறில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊர்ப் பிள்ளையே ஆனாலும், அவர் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்கக் கூடாது. பாசத்தில் வாங்கிவிட்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம்.

குளம் பாதியில் நின்ற அந்த ஊரில் இப்போது சங்கம் இருக்கிறது. டீக்கடைச் சுவரில் கரும்பலகை: நேற்று ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு. கணக்கு எழுதுவது, ஊரில் மொய் எழுதும் பெரியவர். போன மாதம் நானும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "தகப்பனார் பேரு?"