பூரி ஏன் உப்புது, அத்தை?

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. எட்டிப் போட்ட நாற்காலியில் அண்ணன் மகள், நாலு வயது.

"பூரி ஏன் உப்புது, அத்தை?"

"எண்ணெய்ல போட்டா அப்படித்தான் கண்ணு."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அதே குரலில், "ஏன் உப்புது?"

பிள்ளைகள் நம்மை வெறுப்பேற்றத்தான் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. காரணம் சொல்லிப் பதில் தந்தால் குழந்தை தலையாட்டிவிடுகிறது, அல்லது அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. மழுப்பினால் அதே கேள்வியை மறுபடி கேட்கிறது, இல்லையென்றால் தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது. என்னுடைய 'அப்படித்தான்' அவள் கணக்கில் பதிலே இல்லை.

கேள்வி எழும் நேரத்தில் மூளையும் சும்மா இருப்பதில்லை. 2014இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பெரியவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துப் பொது அறிவுக் கேள்விகளைக் காட்டினார்கள். ஆர்வம் கிளம்பியபோது ஊக்கம் தரும் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும் பகுதியும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் சேர்ந்து விழித்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், பதிலுக்குக் காத்திருந்த இடைவெளியில் காட்டிய, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத முகங்கள்கூட அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன.

சரி, அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? 2011இல் ஒரு சோதனை. ஒரே பொம்மைக்குள் நாலு வித்தைகள் ஒளிந்திருந்தன. "இதோ பார், இப்படித்தான்" என்று பெரியவர் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தபோது, குழந்தைகள் பெரும்பாலும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அதே வித்தை தற்செயலாக நடந்த மாதிரி காட்டியபோது மற்றதையும் நோண்டினார்கள்.

இதெல்லாம் நினைவுக்கு வர, பாதி மட்டும் சொன்னேன். "மாவுல தண்ணி இருக்குல்ல? சூட்டுல அது ஆவியாகி, வெளிய போக வழியில்லாம பூரியைத் தள்ளுது."

"அப்போ தோசை ஏன் உப்பல?"

நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கினேன். "உனக்கு என்ன தோணுது?"

"தோசை தூங்குது."

முள்கரண்டியைக் கையில் கொடுத்து, தேய்த்து வைத்திருந்த ஒரு பூரியைக் குத்தச் சொன்னேன். தட்டை செய்யும்போது உப்பாமல் இருக்க நாம் குத்துவோமே, அதேதான். பூரியின் மேல்மாவு சட்டென்று வெந்து தோல்போல் இறுகுவதால்தான் ஆவி உள்ளே மாட்டுகிறது. ஓட்டை இருந்தால் நழுவிவிடும். குத்திய பூரி எண்ணெயில் அப்பளம்போல் கிடந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். "ஓட்டை வழியா ஓடிப் போயிருச்சு!" அப்புறம், முந்தைய நாள் சாப்பிட்டது ஞாபகம் வந்ததோ என்னவோ, "தோசைல நிறைய ஓட்டை இருக்கும்ல?"

தோசை தூங்கவில்லை என்று அவளே முடிவுக்கு வந்துவிட்டாள். முள்கரண்டியைத்தான் திரும்பத் தரவில்லை. அன்று அண்ணன் சாப்பிட்டது அத்தனையும் தட்டைப் பூரி.