கம்பைல் ஆனது, பாயின்டர் பாதியானது

2000களின் தொடக்கத்தில் சி மொழியில் எழுதிய கணக்கு நிரல் ஒன்று. பழைய 32 பிட் சர்வர் இனித் தாங்காது, 64 பிட் லினக்ஸுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். கம்பைல் ஆனது. சோதனைக் கோப்புகள் எல்லாம் ஓடின. சரி என்று ஒப்படைத்துவிட்டு வந்தேன். மாதக் கடைசியில் பெரிய கோப்பு வந்த இரவு நிரல் படுத்துவிட்டது.

ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பார்த்தால், ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் பாயின்டர் (மெமரி முகவரி) உள்ளே இருக்கும்வரை ஒழுங்காக இருக்கிறது. வெளியே வந்ததும் கடைசி எட்டு ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கங்கள் மட்டும் அப்படியே இருக்க, முன்னால் வரிசையாக எட்டு ‘எஃப்’.

காரணம் அற்பமானது. அழைக்கிற கோப்பில் யாரோ ஹெடரை (ஃபங்ஷன் எதைத் தரும் என்று அறிவிக்கும் கோப்பை) சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் (முழு எண்) தரும் என்று எடுத்துக்கொள்வது சி மொழியின் பழைய வழக்கம். 32 பிட்டில் இன்ட், பாயின்டர் இரண்டுமே 4 பைட். அதனால் இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 64 பிட்டில் இன்ட் அதே 4, பாயின்டர் 8. முகவரியின் மேல்பாதி கழன்றுவிடுகிறது. மிச்சத்தை நெகட்டிவ் எண் என்று நினைத்து 8 பைட்டுக்கு நீட்டும்போதுதான் அந்த எஃப்கள் வந்து ஒட்டுகின்றன.

அப்படியானால் சோதனையில் ஏன் விழவில்லை? மெமரி வாங்கித் தரும் ஃபங்ஷனான மால்லாக்கிடம் கொஞ்சமாகக் கேட்டால், ஹீப் என்ற பொது மெமரிப் பகுதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எங்கள் பில்டில் ஹீப் 2 ஜிபிக்குக் கீழேயே இருந்தது. மேல்பாதி வெறும் பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. கேட்பது 128 கேபியைத் தொட்டால், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி பொதுவாக அதை எம்மேப் என்ற அழைப்பின் வழியாகக் கர்னலிடமிருந்து தனியே வாங்கும். அந்த முகவரி எங்கோ உச்சியில் இருக்கும். எங்கள் சோதனைக் கோப்புகளில் ஒன்றுகூட 100 கேபியைத் தாண்டவில்லை!

கம்பைலர் எச்சரிக்காமல் இல்லை. நானூறு வார்னிங்குகளுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடந்தது. 2024இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு இதை எரராகவே ஆக்கிவிட்டது. பழைய ஜிசிசி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வார்னிங்கையாவது எரராக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அப்புறம், பாயின்டரை எண்ணாக வைத்துக்கொள்ள லாங் என்ற முழு எண் வகையை நம்ப வேண்டாம்: 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4.

இந்த லாங் உள்ள ஸ்ட்ரக்சரை (பல மதிப்புகளின் தொகுப்பை) அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்திருந்தால் இன்னும் மோசம். பழைய கோப்பைப் படிக்கும்போது நிரல் விழாது. தப்பான தொகையைச் சாதாரணமாகக் காட்டும். விழுந்து தொலைத்தாலாவது தெரியும்.

‘64 பிட் என்றாலே வேகம்’ என்பதையும் நான் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. ஓர் இன்ட்டும் ஒரு பாயின்டரும் உள்ள நோடு (பட்டியலின் ஒரு கண்ணி) 32 பிட்டில் 8 பைட். 64 பிட்டில் 12 அல்ல, 16. பாயின்டர் எட்டின் மடங்கில் உட்கார வேண்டும் என்று நடுவில் 4 பைட் சும்மா கிடக்கும். ப்ராசஸர் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் 64 பைட் கேஷ் லைனில் எட்டு நோடு இருந்த இடத்தில் இப்போது நாலு.

ஜாவாக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஹீப் சுமார் 32 ஜிபிக்குள் இருக்கும்வரை ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் பாயின்டர்களை 4 பைட்டாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும். மெமரி போதவில்லை என்று 31 ஜிபி ஹீப்பை 34 ஆக்கினால் அவையெல்லாம் 8 பைட்டாகிவிடும். கூடக் கொடுத்த 3 ஜிபியை அவையே விழுங்கிவிடக்கூடும்.