கிளச் பிடிக்க முடியாத கை

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். சாப்பாடு டெலிவரி செய்பவர். ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடி வெட்டி, இடது கையின் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அறுந்து, சத்திர சிகிச்சையில் தைத்திருந்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரலும் உள்ளங்கையைத் தொடும் அளவுக்கு மடங்கவில்லை.

"மிஸ், வெள்ளவத்தைக்குப் போய்ச் சேருவதற்குள் கை விறைத்துப்போகுது. பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டி எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள்" என்றார்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது காயப்பட்டவர்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்ப உதவுபவர். கையில் அடிபட்டவர்களோடுதான் என் நாள் முழுக்கப் போகிறது. இந்த "ஸ்கூட்டி எடு" என்ற ஆலோசனையை நான் கேட்காத வாரம் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் கைக்கு என்று பாராமல் சொல்கிறார்கள்.

கியர் பைக்கில் வலது கைக்கு எக்ஸலேட்டரும் முன் பிரேக்கும். இடது கைக்குக் கிளச். பின் பிரேக் வலது காலில். ஸ்கூட்டரில் கிளச் இல்லை, சரி. ஆனால் கால் பிரேக்கும் இல்லை. பின் பிரேக் இடது கைக்கு வந்துவிடுகிறது. இடது கை பலவீனமானவர் கிளச்சிலிருந்து தப்பி பிரேக்கில் மாட்டிக்கொள்கிறார். கிளச்சைச் சரியாகப் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் என்ஜின் நிற்கும், பின்னால் வருபவன் ஹோர்ன் அடிப்பான். பிரேக்கைப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலது கையில் காயம் என்றாலும் ஸ்கூட்டரால் பெரிய லாபம் இல்லை. முறுக்குவதும் முன் பிரேக்கும் அப்படியே வலது கையில் இருக்க, பின் பிரேக் மட்டும்தான் காலிலிருந்து இடது கைக்கு மாறுகிறது. இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வகை ஸ்கூட்டர்கள் உண்டு. வலது கையால் முறுக்க முடியும், அழுத்த முடியாது என்பவருக்கு அது நல்லது.

இடது கை மட்டும் பாதித்தவருக்கு நான் முதலில் யோசிப்பது கிளச் லீவரே இல்லாத கியர் பைக்கை. ஹொண்டா 1958-இல் கொண்டுவந்த சூப்பர் கப் அந்த வகை. கியரைக் காலால் மாற்றினால் கிளச் தானாக வேலை செய்யும், பின் பிரேக்கும் காலில்தான். நம் ஊரில் இன்னும் ஓடும் பழைய ஹொண்டா 50, 90 எல்லாம் அந்தக் குடும்பம்.

ஆனால் இந்தத் தம்பிக்குப் பைக்கை மாற்றக் காசு இல்லை. அதனால் இருக்கிற பைக்கையே பார்த்தோம்.

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் சின்னக் கைத்தராசு பல வீடுகளில் கிடக்கும். அதன் கொக்கியைக் கிளச் லீவரின் நுனியில் மாட்டி, கைப்பிடியை நோக்கி மெதுவாக இழுத்தோம். எட்டுக் கிலோ காட்டியது. டிராபிக்கில் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அதை இழுக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் புதுக் கிளச் கேபிள் வாங்கி, கராஜ் பாஸ் அதை எங்கும் கூர்மையாக வளையாமல் ஓட்டி, லீவர் ஆணிக்கு கிரீஸ் வைத்தார். திரும்ப இழுத்தபோது ஐந்தரை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குச் சுமை பழைய கேபிளிலும் காய்ந்த ஆணியிலும்தான் இருந்திருக்கிறது.

அடுத்தது லீவர் இருக்கும் இடம். அவருக்கு நல்ல பலமான விரல்கள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி ஹேண்டிலின் உட்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியதும் அந்த இரண்டு விரலும் லீவரின் நுனியில் வந்து விழுந்தன. நுனியில் பிடித்தால் குறைந்த பலம் போதும், கிணற்றுத் துலா மாதிரி. மடங்காத இரண்டு விரலும் சுற்றிப் பிடிக்கக் கைப்பிடியைத் தடிப்பாக்கினோம். இதில் ஒரு கவனம் வேண்டும்: கைப்பிடி தடித்தால் லீவர் விரலுக்குத் தூரமாகும். தூரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய லீவர் போட்டால்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

மணிக்கட்டு முறிந்து ஆறியவர்களுக்கு வலது பக்கம் சிரமம். மணிக்கட்டை மேலே மடக்கினால்தான் எக்ஸலேட்டரை முறுக்க முடியும். லீவரின் சாய்வை மாற்றி, ஹேண்டிலைச் சற்று உயர்த்தினாலே பலருக்கு வலி குறைகிறது. போதாவிட்டால் பெருவிரலால் தள்ளும் எக்ஸலேட்டர் இருக்கிறது. எக்ஸலேட்டரை இடது கைக்கு மாற்றுவதும் முடியும், ஆனால் பயத்தில் கை பழைய பழக்கத்துக்கே ஓடும். பல வாரம் வெறும் மைதானத்தில் பழகாமல் வீதிக்கு வரக்கூடாது. எதை மாற்றினாலும், விட்டதும் எக்ஸலேட்டர் 'டக்' என்று திரும்ப வேண்டும்.

தயவுசெய்து கையை ஹேண்டிலோடு கட்டாதீர்கள். ரப்பர் பேண்டேஜால் கட்டிக்கொண்டு ஓடியவரைப் பார்த்திருக்கிறேன். விழுந்தால் பைக் அந்தக் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

அவசரப்படவும் வேண்டாம். நம்மவர்கள் தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள், ஆனால் இரண்டும் வேறு. தைத்த தசைநாண் பலமான பிடியைத் தாங்கப் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதற்கு முன் கிளச்சை இழுத்தால் தையல் அறுந்துபோகலாம், திரும்பவும் சத்திர சிகிச்சை மேசைதான். நரம்பும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தால் தோலில் உணர்ச்சி இருக்காது. கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீதிக்கு வரும் முன் நான் பார்க்கும் கடைசிப் பரீட்சை திடீர் பிரேக். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடி தாமதம் என்றால் பதினொரு மீற்றர். முன்னால் ஓட்டோ சட்டென்று ஓரம் கட்டும்போது அந்தப் பதினொரு மீற்றர் கிடைக்காது. கை களைத்த பிறகும், அரை மணி ஓடிவிட்டு, அதே பரீட்சையைச் செய்து பாருங்கள்.

கேபிள், லீவர் மாற்றுவதோடு நிற்காமல் பிரேக்கையோ எக்ஸலேட்டரையோ இடம் மாற்றுவதானால், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் முதலே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது காயத்தை மறைக்காதீர்கள்.

அந்தத் தம்பி இரண்டு வாரம் கழித்து வந்தார். கை விறைப்பதில்லையாம். விரித்துக் காட்டச் சொன்னேன். சுண்டு விரலின் அடியில் காசளவுக்குச் சிவந்திருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. கைப்பிடியில் சுற்றியிருந்த பஞ்சின் ஓரம் அங்கேதான் அழுத்தியிருக்கிறது. அன்றே அந்த ஓரத்தைச் சீவி, திரும்பச் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த திங்கள் வரச் சொல்லியிருக்கிறேன்.