முன்சிறுகுடல் முன்செல் வாயிற்சிரை

பிறவியிலேயே இடம் மாறி ஓடும் ஒரு ரத்தக்குழாயைக் குழந்தை அறுவை மருத்துவர்கள் 'பிரீடியோடினல் போர்ட்டல் வெயின்' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? வெயின் என்றால் சிரை. போர்ட்டல், 'போர்ட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பொருள் வாயில். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரளும் ரத்தம் கல்லீரலின் அடிப்புற வாயில் வழியே உள்ளே போகிறது. பாடநூல் 'கல்லீரல் போர்ட்டல் சிரை' என்கிறது. வாயிற்சிரை என்றாலே போதும், பொருள் தானாக விளங்கும்.

டியோடினம் இரைப்பையை அடுத்த குடல் பகுதி. பன்னிரண்டு விரற்கடை நீளம் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஹீரோஃபிலஸ் கிரேக்கத்தில் வைத்த பெயரின் லத்தீன் வடிவம் இது. தமிழில் முன்சிறுகுடல்.

அப்புறம் 'பிரீ'. ஆபத்தே இந்தச் சின்ன முன்னொட்டில்தான் இருக்கிறது. இது காலத்தால் முன் அல்ல, இடத்தால் முன். வாயிற்சிரை முன்சிறுகுடலுக்குப் பின்னால் ஏற வேண்டியது. கருவில் மஞ்சட்கருச் சிரைகள் இரண்டு; முன்சிறுகுடலைச் சுற்றி மூன்று குறுக்கு இணைப்புகளால் சேர்கின்றன. பின்புறமுள்ள நடு இணைப்பு நிலைத்து, மற்றவை மறைய வேண்டும். அதற்குப் பதிலாக முன்புறமுள்ள கீழ் இணைப்பு நிலைத்துவிட்டால், சிரை குடலுக்கு முன்னால் ஓடும். 1921இல் நைட் என்பவர் இதை முதலில் பதிவு செய்தார். 'முன்' இருமுறை வந்தாலும் 'முன்சிறுகுடல் முன்செல் வாயிற்சிரை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்த இரண்டாவது 'முன்' விடுபடவே கூடாது.

ஏன் என்றால், குடல் அடைப்பால் பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தையின் வயிற்றைத் திறக்கிறார்கள். குடல் சுழற்சிக் கோளாறு, அதாவது கருவில் குடல் சரியாகச் சுழன்று தன் இடத்தில் அமையாத நிலை, இருந்தால், முன்சிறுகுடலின் குறுக்கே கிடக்கும் லாட் பட்டைகள் என்ற திசுப் பட்டைகளை வெட்டிவிடுவது வழக்கம். அதே இடத்தில் இந்தச் சிரையும் குறுக்கே கிடக்கலாம். பட்டை என்று நினைத்து வெட்டினால் உயிருக்கே ஆபத்து.

சரி, சிரை தெரிந்துவிட்டது, அடைப்புக்கு அதுதான் காரணம் என்று நின்றுவிடவும் கூடாது. சிரை அழுத்தியே அடைப்பு வருவது குறைவு. பெரும்பாலும் குடலுக்குள் ஒரு சவ்வோ, முன்சிறுகுடலைச் சுற்றிய வளைய வடிவக் கணையமோ, சுழற்சிக் கோளாறோ கூடவே இருக்கும்; அதைத் தேட வேண்டும். சிரையைத் தொடாமல், அதற்கு முன்னால் குடலின் மேல், கீழ்ப் பகுதிகளை இணைத்து மாற்றுவழி அமைப்பார்கள்.

பித்தநாள அடைப்போடு பிறக்கும் குழந்தைகள் சிலருக்கும், குறிப்பாகப் பல மண்ணீரல்கள் உள்ளவர்களுக்கு, இது இருப்பதுண்டு. அவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டால், புதுக் கல்லீரலோடு இணைக்க வேண்டியதே இந்தச் சிரைதான். அதனால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துக்கொள்வார்கள்.