கேஸ்: வாயு, வளி, வளிமம், குளிர்பதனி

"ஏசில கேஸ் எறங்கிப் போச்சுண்ணே. போட்டாச் சரியாயிரும்."

செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் இந்த வாக்கியத்தை ஏசி மெக்கானிக்குகள் சொல்ல மூன்று கோடைகள் தொடர்ந்து கேட்டேன். மூன்று முறையும் காசு கொடுத்தோம். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை, எனக்கும் வரவில்லை. அடுப்படியில் இருக்கிற கேஸ் தீர்ந்தால் வேறு சிலிண்டர் மாட்டுகிறோம், அதுபோல மாடியில் இருக்கிற கேஸும் வருசத்துக்கு ஒருமுறை தீரும் போல என்று நினைத்துக்கொண்டோம். இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்று என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

'கேஸ்' நம் பேச்சில் எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சமையலுக்கு எரிவது கேஸ். பருப்பு வடை அதிகம் தின்றால் வயிற்றில் பிடிப்பதும் கேஸ். ஏசிக்குள் சுற்றுவதும் கேஸ். முதலாவது எரிந்து தீர்கிறது, இரண்டாவது தானாக உண்டாகிறது, மூன்றாவது தீர்வதும் இல்லை, உண்டாவதும் இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இந்தச் சொல்லுக்கு வயது நானூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. பிரசல்ஸில் பிறந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் என்ற மருத்துவர் (1580–1644) கட்டிய சொல் இது. அவர் 62 பவுண்டு கரியை எரித்தார். மிஞ்சிய சாம்பல் 1 பவுண்டு. மீதி எங்கே போனது? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக வெளியேறியிருக்க வேண்டும். பாத்திரத்தில் அடைத்து வைக்க முடியாத அதற்கு அதுவரை பெயர் இல்லை, அதனால் 'காஸ்' என்று தானே ஒரு பெயர் வைத்தார். 1648இல், அவர் இறந்த பிறகு, மகன் வெளியிட்ட நூலில் அந்தப் பெயர் அச்சேறியது. உருவமற்ற வெறுமை, குழப்பம் என்ற பொருள் தரும் 'காவோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். அவருடைய மொழியில் அந்த முதல் எழுத்து, நாம் 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரம் போலத் தொண்டையை உரசிக்கொண்டு வரும். அதனால் கிரேக்கச் சொல்லும் அவர் சொல்லும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். அந்தச் சொல்தான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் கேஸ் ஆகியிருக்கிறது.

தமிழில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது வாயு. எரிவாயு, கரியமில வாயு, வாயு மூலை, வாய்வுத் தொல்லை என்று நன்றாகவே ஊறிப்போன வடசொல். அதை விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: வளி. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ஐந்து பூதங்களை அடுக்கும்போது "விசும்பு தைவரு வளியும்" என்கிறது. தைவருதல் என்றால் தடவுதல், வானத்தைத் தடவிக்கொண்டு போகும் காற்று. திருக்குறளில் மருந்து அதிகாரம் இப்படித் தொடங்குகிறது:

"மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர்
வளிமுதலா எண்ணிய மூன்று."

உடம்பில் வளி முதலான மூன்றும் (வளி, பித்தம், கபம்) கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய். இந்தக் குறளுக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

வளி வழக்கொழிந்த சொல்லும் இல்லை. சூறாவளி என்று செய்தியில் தினமும் கேட்கிறோம், வளிமண்டலம் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அதிலிருந்து கிளைத்ததுதான் வளிமம். திண்மம், நீர்மம், வளிமம் என்று மூன்றும் ஒரே வார்ப்பில் நிற்பதால், பொருளின் ஒரு நிலையைக் குறிக்க வளிமம்தான் பொருத்தமான சொல் என்பேன். காற்று என்றால் வீசுவது, ஆவி என்றால் நீர்மத்திலிருந்து எழுவது. வளிமம் இரண்டையும் அடக்கும்.

சரி, அப்படியானால் ஏசியில் இருப்பது வளிமமா? இங்கேதான் மானாமதுரைப் பானையை நினைத்துக்கொள்ள வேண்டும். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏசியும் அதையேதான் செய்கிறது. அறைக்குள் இருக்கும் செம்புக் குழாய்ச் சுருளில் ஒரு நீர்மம் கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கொதிக்கிறது என்றால் சுடும் என்று நினைக்க வேண்டாம். இப்போது பல வீட்டு ஏசிகளுக்குள் ஓடும் ஆர்-32 என்ற பொருள், சாதாரண அழுத்தத்தில் கழித்தல் 52 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அந்த ஆவியை மாடியில் இருக்கும் கம்ப்ரசர் இழுத்து அமுக்குகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே கொட்டி மறுபடி நீர்மமாகித் திரும்பி வருகிறது. கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடத்துக்கென்று விற்கும் 'ஹாட் அண்ட் கோல்டு' வகையில் இதே சுற்று ஒரு வால்வின் உதவியால் திசை மாறும், அறைக்குள் வெப்பம் வரும். பொருள் மாறுவதில்லை.

பானைக்கும் ஏசிக்கும் ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பானை ஆவியை ஊருக்குக் கொடுத்துவிடுகிறது, அதனால் மறுபடி தண்ணீர் ஊற்றுகிறோம். ஏசி தன் ஆவியைத் தானே பிடித்துக்கொள்கிறது. குழாய் ஒழுகாத வரை உள்ளே ஊற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஆக உள்ளே இருப்பது பாதி வழி நீர்மம், பாதி வழி வளிமம். 'கேஸ்' என்பது அதன் பாதிப் பெயர்தான். அதன் வேலையைச் சொல்லும் பெயர் குளிர்பதனி. பதனிடுதல் நமக்குப் பக்கத்துச் சொல். திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடும் தொழிலைத் தெரியாதவர் இல்லை. கெடாமல் பக்குவப்படுத்திக் காப்பது பதனம். குளிரால் காப்பது குளிர்பதனம், அதைச் செய்யும் பொருள் குளிர்பதனி. 'குளிரூட்டி' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அது ஏசி என்ற முழுக் கருவிக்கே வழங்கிவிட்டதால், உள்ளே ஓடும் பொருளுக்கும் அதையே வைத்தால் பழைய குழப்பம் புது உடுப்பில் வந்து நிற்கும்.

நான்காவது கோடையில் வந்த மெக்கானிக் வயதானவர். வந்ததும் கேஸ் உருளையைத் தொடவில்லை. முதலில் உள் யூனிட்டைத் திறந்து ஃபில்டரைப் பார்த்தார். "தம்பி, ஃபில்டர்ல தூசி அடைச்சாலும் ஐஸ் கட்டும், கேஸ் கொறஞ்சாலும் ஐஸ் கட்டும். மொத அதப் பாக்கணும்" என்றார். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. (நம் ஊர்ப் புழுதிக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. அதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம், தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும்.) அப்புறம் மாடி ஏறினார். இரண்டு செம்புக் குழாய்கள் அவுட்டோரில் (வெளி யூனிட்டில்) சேரும் இடத்தில் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்காக ஒரு திட்டு, அதில் புழுதி அப்பியிருந்தது. கம்ப்ரசருக்கான எண்ணெய் குளிர்பதனியோடு சேர்ந்தே ஓடும், ஆகவே குளிர்பதனி கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து, டம்ளர் தண்ணீரில் நுரைக்க அடித்து, சின்ன பிரஷ்ஷால் அந்த நட்டின் மேல் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நட்டின் அடியில் கடுகளவு ஒரு குமிழி வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மெல்ல மிளகு அளவுக்கு ஊதி வெடித்து, அதே இடத்தில் மறுபடி முளைத்தது. மூன்று வருசக் காசும் போன வழி அதுதான்.

சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் மணமில்லாத அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். குளிர்பதனியில் அப்படி எதுவும் கலப்பதில்லை. ஆர்-32 ஓரளவு தீப்பற்றவும் கூடியது. கசிவு இருக்கிறது என்று தோன்றினால் சன்னல்களைத் திறந்துவைத்து, அங்கே தீக்குச்சி கிழிக்காமல் இருப்பது அவசியம்.

அவர் மிச்சமிருந்ததை வெளியே எடுத்தார். குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து நட்டை முடுக்கினார். வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். அதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு உருளையைத் தராசில் வைத்து ஏற்றினார். முன்பு வந்தவர்கள் யாரும் தராசு கொண்டுவந்ததில்லை. "ஒட்டியிருக்கிற லேபிள்ல எத்தன கிராம்னு போட்டிருக்கோ அத்தனதான். கூடப் போட்டா நல்லாக் குளிரும்னு சிலர் கேப்பாங்க. கூடினா கம்ப்ரசர் போயிரும்" என்றார். குறைந்தால் ஐஸ் கட்டும், கூடினால் கம்ப்ரசர் திணறும். மிகினும் குறையினும் நோய். அந்தக் குறளில் வளி என்று இருப்பதை அன்று மாடியில் நின்றபடி நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "கேஸ் போடணும்" என்று நாமே மருந்தைச் சொல்லிவிடக் கூடாது. "குளிர் பத்தல, எங்கயாவது கசியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று நோயைச் சொன்னால் போதும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த வகை, எத்தனை கிராம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லலாம்.

எங்கள் அவுட்டோரின் பக்கவாட்டில் அன்று நான் கறுப்பு மார்க்கரால் எழுதிவைத்தது இன்னும் அழியவில்லை: "குளிர்பதனி ஆர்-32, 750 கிராம்." கீழே தேதி. அதற்குப் பிறகு அங்கே வேறு தேதி எதுவும் எழுத வேண்டி வரவில்லை.