ஓடாவி: ‘ஷிப்ரைட்’டுக்கு நம் கரையில் இருக்கும் சொல்

பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மரக்கப்பல் கட்டும் தச்சரைக் குறிக்கும் ‘ஷிப்ரைட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் தடுமாறுகிறார்கள். சிலர் ‘கப்பல் பொறியாளர்’ என்று எழுதுகிறார்கள். இது தவறு. பொறியாளர் என்றால் இன்று எஞ்சின் அறைதான் நினைவுக்கு வரும். ஷிப்ரைட்டோ மரத்தோடு வாழ்ந்தவர். ‘கப்பல் கட்டுநர்’ என்பதில் பிழை இல்லை, ஆனால் அது பொத்தாம்பொதுவான சொல். கப்பல் கட்டும் நிறுவனத்தின் முதலாளியையும் அப்படிச் சொல்லிவிடலாம்.

‘ரைட்’ என்ற பின்பாதிக்கும் எழுதுவதைக் குறிக்கும் ரைட்டுக்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் கைவினைஞர் என்று பொருள்பட்ட சொல் அது. ‘ஒர்க்’ என்பதற்கு உறவு. சக்கரம் செய்பவர் வீல்ரைட். நாடகாசிரியரைக் குறிக்கும் பிளேரைட் என்பதிலும் இருப்பது இதே ரைட்தான், நாடகத்தை ஒரு பொருளைப் போலச் செய்து தருபவர் என்ற கருத்தில்.

மணிமேகலையில் ‘கலஞ்செய் கம்மியர்’ என்று வருகிறது. கம்மியர் என்ற சொல்லும் வேலை என்று பொருள்படும் கம்மத்திலிருந்து பிறந்ததுதான். இரண்டு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் கம்மியர் என்றால் மெக்கானிக். அதனால் பழைய தொடரை அப்படியே எடுத்து ஆள முடியாது.

படகும் கப்பலும் கட்டும் தச்சரைக் குறிக்கும் ஓடாவி என்ற சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை. ஓடம் என்ற சொல்லோடு அதற்கு உள்ள உறவு கேட்டவுடனே தெரிகிறது. மலையாளத்தில் ஓடாயி என்பார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் பொருள் விரிந்து, கதவும் கட்டிலும் செய்கிற தச்சரும் ஓடாவியாகிவிட்டார். அகராதியில் முடங்கிக் கிடக்கிற சொல் இல்லை இது.

இந்தச் சொல்லின் முழு எடையும் தெரிய வேண்டுமானால் பம்பாயின் வாடியா என்ற பார்சிக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். வாடியா என்ற பெயரே கப்பல் கட்டும் தொழிலிலிருந்து வந்ததுதான். சூரத்தில் தச்சராக இருந்த லவ்ஜி நுஸ்ஸர்வான்ஜியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1736 வாக்கில் பம்பாய்க்கு அழைத்துவந்தது. அவருடைய பேரன் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி, தாத்தாவே தலைவராக இருந்த கப்பல் கட்டும் தளத்தில், மாதம் 12 ரூபாய்க் கூலிக்குச் சாதாரணத் தச்சராகத்தான் வேலையைத் தொடங்கினார். வாய்ச்சி பிடித்துச் செதுக்கிப் பழகாதவருக்குக் கப்பலின் தலைமைப் பொறுப்பு கிடையாது. பிறகு அவர் ‘மாஸ்டர் பில்டர்’ ஆனார். பிரிட்டிஷ் கடற்படைக்காக 1810இல் மிண்டன், 1813இல் கார்ன்வாலிஸ், 1815இல் வெல்லெஸ்லி என, ஒவ்வொன்றும் 74 பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல்கள் அவர் கையிலிருந்து நீரில் இறங்கின.

1817இல் அவர் கட்டி இறக்கிய கப்பலின் பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலைதான். அதன் வரைபடங்கள் முதலில் ஜாவா என்ற கப்பலில் அனுப்பப்பட்டன. 1812இல் அமெரிக்கர்கள் அந்தக் கப்பலை வீழ்த்தியதால் அவை போய்விட, மறுபடியும் படி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை தொடங்கிய அன்று ஜம்ஷெட்ஜி, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றைக் கப்பலின் அடிமரத்தில், அதாவது ஏராவில், பார்சி மரபுப்படி அடித்து இறக்கினார். இங்கிலாந்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட ஓக் மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். பம்பாயில் பயன்பட்ட தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். 200 ஆண்டுகள் கடந்தும் அந்தத் தேக்குக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஓடாவியோடு சேர்ந்து வரும் சொற்களும் நம்மிடம் உண்டு. கப்பலின் விலா எலும்பு போல் வளைந்து நிற்கும் மரங்கள் வங்கு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி நீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. இது ‘கலஃபாத்தே’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்து நம் கரையில் தங்கிவிட்டது. ‘மெஸ்த்ரே’ மேஸ்திரி ஆனதும் அப்படித்தான்.

‘மாஸ்டர் ஷிப்ரைட்’ என்பதைத் ‘தலைமை ஓடாவி’ என்று எழுதலாம். இந்த மாஸ்டரை மாலுமித் தலைவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் கப்பலை ஓட்டுபவர், இவர் செய்து கொடுப்பவர். காகிதத்தில் வடிவம் மட்டும் வரைபவருக்குக் கப்பல் வடிவமைப்பாளர் என்ற சொல் இருக்கிறது. ஜம்ஷெட்ஜியைப் போல வயதிலும் தொழிலிலும் மூத்தவரை ஓடாவியார் என்று மரியாதையாகவும் சொல்லலாம்.