சேஃப்டி வால்வு மேல் என்ன கோபம்?

கும்பகோணத்தில் குக்கர், அடுப்பு ரிப்பேர் பார்க்கிறேன். பொங்கல் கழிந்தால் எங்களுக்கு சீசன். புது அரிசி, பாசிப்பருப்பு, பால் எல்லாவற்றையும் நேராகக் குக்கரிலேயே கொட்டி, வழிய வழிய சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள். அடுத்த வாரமே மூடி கடைக்கு வந்துவிடும்.

இந்த முறை வந்த ஒரு மூடியில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய துளையில் இரும்பு போல்ட், வாஷர், சுற்றி எம்-சீல் பூச்சு. "வால்வு அடிக்கடி போவுது தம்பி, அதான் எங்க வீட்டுக்காரரு முறுக்கி விட்டுட்டாரு. இப்ப விசில் வரல, அத மட்டும் பாருங்க" என்றார் அந்த அக்கா. விசில் குழாயில் கம்பியை விட்டுக் குத்தினேன். காய்ந்த பருப்பு நுரையும் அரிசிக் கஞ்சியும் கட்டியாக வந்தன. அதாவது ஆவி போக இருந்த இரண்டு வழியும் அடைப்பு! கேஸ்கட் தளர்ந்து ஓரமாக ஆவி கசிந்ததால் அந்தக் குடும்பம் தப்பித்தது. அதையும் புதிதாக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வால்வு போவது வால்வின் கோளாறு இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது. குக்கருக்குள் தண்ணீர் சுமார் 120 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. தண்ணீர் வற்றினாலோ குழாய் அடைத்தாலோ சூடும் அழுத்தமும் எகிறும். அப்போது வால்வில் இருக்கும் ஈயம் மாதிரியான உலோகம் உருகி, ஆவிக்கு வழிவிடும். போனால்தான் அது நல்ல வால்வு. "மட்டமான சரக்கு" என்று அதைத் திட்டுவதை விட்டுவிட்டு, ஏன் உருகியது என்று பாருங்கள். 1679-இல் இந்தப் பாத்திரத்துக்கு முன்னோடியைச் செய்த பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பாப்பினே சேஃப்டி வால்வு வேண்டும் என்று வைத்துவிட்டார். அதைப் பிடுங்க நாம் யார்?

பருப்பு, பயறு என்றால் பாதிக்கு மேல் வேண்டாம். அரிசிக்கும் அதே கணக்குதான், பாதி போதும். பங்குனி, சித்திரையில் வயல் உளுந்து வீட்டுக்கு வந்ததும் தோலோடு வேகவைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்தத் தோல்தான் குழாயில் போய் உட்காரும். மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், ஒரு நொடி வேலை. வெளிமூடிக் குக்கரை ஆவி அடங்காமல் திருகித் திறக்காதீர்கள். உள்மூடியை ஆவியே இறுக்கிப் பிடிக்கும், வெளிமூடிக்கு அந்தக் காப்பு கிடையாது. வால்வும் கேஸ்கட்டும் அந்தந்தக் கம்பெனியுடையதே வாங்குங்கள், சைசு ஒத்துப்போகிறது என்று சந்தைச் சரக்கை மாட்டாதீர்கள்.

சென்னை, திருப்பூர் என்று போய்விட்ட பிள்ளைகளுக்கு ஒன்று. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அம்மாவின் குக்கர் மூடியை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். வால்வு இருக்கும் இடத்தில் வேறு எது தெரிந்தாலும் அன்றைக்கே மூடியை மாற்றுங்கள். "நல்லாத்தானே இருக்கு" என்பார், கேட்காதீர்கள்.